காய்ச்சல் அட்டை

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. மங்கை வைத்த அலாரம். எனக்கு ஏழரைக்கு எழுந்தால் போதும். இன்னும் மாற்றவில்லை.

வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்தேன். அரை லிட்டர். பாதியைக் காய்ச்சினேன். காப்பித்தூளில் ஈரம் ஏறிக் கட்டி தட்டியிருந்தது. ஸ்பூனால் குத்தி எடுத்தேன். ஆறே காலுக்கு முதல் விமானம் மொட்டைமாடிக்கு மேலே போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது. அடுத்த வருஷம் ஷம்ஷாபாத்தில் புது ஏர்போர்ட் வந்துவிடும், அப்புறம் பேகம்பேட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

குளித்தேன். இரண்டு பிரெட் துண்டு சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். ஆனாலும் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அதன் பிளாஸ்டிக் உறைக்குள், என் படத்துக்குப் பின்னால், மஞ்சள் நிறத்தில் இன்னொரு அட்டை இருக்கிறது. பதினோரு மாதமாக அதை வெளியே எடுத்ததில்லை.

நேற்று மாமனார் போனில் சொன்னது காதிலேயே இருந்தது.

“நாளைக்கு நீங்க வந்தாத்தான் கவுன்சிலிங். மங்கை கடைசியா சொன்னதை உங்க வாயால சௌம்யாகிட்ட சொல்லுங்க மாப்ளே. அப்புறம் அவ இஷ்டம். நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

சரி மாமா என்று சொல்லிவிட்டேன்.

போன வருஷம் புரட்டாசியில் மங்கை போனாள். மங்கையர்க்கரசி. போவன்பள்ளியில் அரசுக் கால்நடை மருந்தகத்தில் டாக்டர். இருபத்தாறு வயது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மழைத் தண்ணீர் புகுந்த எருமைக் கொட்டகையில் மூன்று நாள் நின்று வைத்தியம் பார்த்தாள். எலிக்காய்ச்சல் வந்தது. எட்டாம் நாள் இறந்துபோனாள்.

இப்போது அவள் தங்கை சௌம்யாவுக்கு அதே படிப்பில் இடம் கிடைக்கிற ரேங்க் வந்திருக்கிறது. இன்று மதியம் இரண்டு மணிக்கு ராஜேந்திரநகரில் கவுன்சிலிங். மாமா வேண்டாம் என்கிறார். ‘சௌம்யாவை இந்த வேலைக்கு விடாதீங்க’ என்பதுதான் மங்கையின் கடைசி வார்த்தை என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

மங்கை அப்படிச் சொல்லவில்லை.

அன்றைக்கு ஐ.சி.யூ. வாசலில் மாமா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “கடைசியா இன்னா சொல்லிச்சு என் பொண்ணு?” என்று கேட்டார். “சௌம்யாவைப் பாத்துக்கச் சொன்னா” என்றேன். அதுவே பொய். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. பதினோரு மாதத்தில் அது அவர் வீட்டில் வளர்ந்து இப்படி ஆகிவிட்டது. நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. திருத்தினால் உண்மையில் என்ன சொன்னாள் என்று கேட்பார்கள்.

* * *

மாமாவின் வீடு லாலாகுடாவில். ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு கேட்கிற தூரம். அந்த ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர் மாமா, பெருமாள். அவருடைய அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்த வேலை.

அத்தை பால் இல்லாத டீ கொடுத்தாள். மங்கை போனதிலிருந்து அந்த வீட்டில் பால் வாங்குவதில்லை.

சௌம்யா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கையில் சர்டிஃபிகேட் ஃபைல்.

“பாவா, டூ ஓ கிளாக்தான் அங்க. மொதல்ல போவன்பள்ளி போலாம்.”

“அங்கே எதுக்கு?”

“யூசுப் பாய் ஃபோன் பண்ணாரு. அக்கா சாமான் இன்னும் அலமாரிலயே இருக்காம். இந்த மாசத்தோட அவரு ரிடையர்டு.”

மாமா சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார். “சாமானா? இன்னாத்துக்கு? அது வந்து இப்ப இன்னா ஆவப்போவுது?”

“நைனா, ப்ளீஸ்.”

“வரேன். ஆனா அந்த ஆஸ்பத்திரிப் படியை மிதிக்க மாட்டேன். கார்லயே குந்தினிருப்பேன். சொல்லிட்டேன்.”

மாமா முன்னால் உட்கார்ந்தார். சௌம்யா பின்னால். சங்கீத் சௌரஸ்தா தாண்டுவதற்குள் மாமா ஆரம்பித்துவிட்டார்.

“ஒர்க்‌ஷாப் கேட்டுல ஒரு போர்டு இருக்கும் மாப்ளே. விபத்து இல்லாத நாள் இத்தினின்னு. தினம் காத்தால ஒருத்தன் சாக்பீஸால ஒண்ணு கூட்டி எழுதுவான். எனக்கு ஷூ குடுத்தான், கண்ணாடி குடுத்தான். போடாம மெஷின்கிட்ட போனா போர்மேன் காறித் துப்புவான். சாதா ஃபிட்டருக்கே அந்த மரியாதை. அஞ்சு வருஷம் படிச்ச டாக்டரம்மாவுக்கு இன்னா குடுத்தாங்க? கால்ல போட ஓட்டை ரப்பர் பூட்டு.”

முன்னால் போன ஆட்டோவைத் தாண்டினேன்.

“பி.ஃபார்மா படிக்கட்டும். மாத்திரை கம்பெனி. ஏ.சி. ரூம். வெள்ளைக் கோட்டு. மாப்ளே, உங்க ஆபீஸ்ல யாராச்சும் வேலை பாத்து செத்திருக்கானா?”

“இல்லை மாமா.”

“கேட்டுக்கினியா?”

“பாவா ஆபீஸ்ல எல்லாருக்கும் முதுகு வலி நைனா,” என்றாள் சௌம்யா.

“முதுகு வலிக்குத் தைலம் இருக்கு. எருமைக்கு டாக்டரா போயி மிதி வாங்கினா?”

“எருமை தேவலாம். வாயத் தொறன்னா தொறக்கும். உன்ன மாதிரி பேஷன்ட்தான் கஷ்டம்.”

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, “இவளும் அவ மாதிரியே பேசறா,” என்றார்.

சௌம்யா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“அக்கா அப்படிச் சொல்லிருப்பான்னு எனக்குத் தோணல பாவா.”

சிக்னல் விழுந்தது. கியரை மாற்றினேன்.

* * *

போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. முட்டைக்கோஸ் இலை மலைபோல் குவிந்து கிடக்கும். பக்கத்துக் கொட்டகைகளின் எருமைகளுக்கு அதுதான் தீனி. மருந்தகம் அந்தச் சந்தின் கோடியில். மங்கை இருந்தபோது நான் மொத்தமே மூன்று தடவை இங்கே வந்திருக்கிறேன். மூன்று தடவையும் காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்தி, போன் பண்ணி அவளை வரச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காரை மருந்தக வாசலிலேயே நிறுத்தினேன். மாமா காரிலேயே இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

முன்வாசலில் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கிராமங்களில் மாட்டுக்குச் சினை ஊசி போடப் போகிறவர்கள். பயிற்சிக்கு வந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் முகமது யூசுப் நின்றிருந்தார். மருந்தகத்தின் உதவியாளர். வாணியம்பாடிக்காரர், இங்கே வந்து முப்பது வருஷம். ஒரு கையில் முழங்கால் உயர ரப்பர் பூட்டு. இன்னொரு கையில் சொம்பு.

பூட்டுக்குள் தண்ணீரை ஊற்றினார். தூக்கிப் பிடித்தார். தெலுங்கில், “எங்கே ஒழுகுது, பாத்துச் சொல்லுங்க,” என்றார்.

குதிகாலுக்கு மேலே சைக்கிள் ட்யூப் ஒட்டிய இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒருவன் கையைக் காட்டினான்.

“தினமும் காலையில கால் விடறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திப் பாக்கணும். ஒழுகினா அன்னைக்குத் தண்ணில எறங்கக் கூடாது. யார் திட்டினாலும் சரி. மாட்டு மூத்திரம், எலி மூத்திரம் கலந்த தண்ணி. கால்ல பித்தவெடிப்பு இருந்தாப் போதும், உள்ள பூந்துடும்.”

சௌம்யா என் முழங்கையைப் பிடித்தாள். அது மங்கையின் பூட்டு. உள்பக்கம் ‘மங்கை’ என்று மார்க்கரில் எழுதியிருந்தது தெரிந்தது.

யூசுப் எங்களைப் பார்த்தார். சொம்பைக் கீழே வைத்தார். அவர்களிடம் ஒரு கட்டு மஞ்சள் அட்டையைக் கொடுத்து, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்.

“வாங்க சார். வாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பூட்டைத் தூக்கிப் போட மனசு வரல. வாயால சொன்னா எவனும் கேக்கறதில்ல. ஒழுகறதைப் பாத்தா கேக்கறான்.”

“நல்லதுதான் பாய்,” என்றாள் சௌம்யா.

“இந்தப் பூட்டைத்தான் போட்டுக்கினு எறங்கினாங்க. நக்கோ மேடம், வேணாம்னு சொன்னேன். நாலு எருமை சினை கலைஞ்சு கன்னு வீசிடுச்சு பாய், யாரு பாப்பாங்கன்னாங்க. நானும்கூட எறங்கினேன். எனக்குப் பூட்டே இல்ல.” தன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். அதற்குள் மஞ்சளாகத் தெரிந்தது. “எனக்கும் வந்துச்சே சார் அதே ஜுரம். மேடம் படுத்த அன்னைக்கே நானும் படுத்தேன். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. நான் யாரையும் கேட்டதில்லை.

“சர்க்கார் தவாகானாக்குப் போனேன், தர்ம ஆஸ்பத்திரிக்கு. ஜனம் மேல ஜனம். எனக்குப் பேசவே முடியல. இந்தக் கார்டை எடுத்து நீட்டினேன். அந்தச் சின்ன டாக்டர் படிச்சுட்டு, ஓஹோன்னுச்சு. அன்னைக்கே பென்சிலின் போட்டுச்சு. பத்து நாள்ல எழுந்து உக்காந்துட்டேன். எழுந்தப்புறம்தான் மேடம் விஷயம் சொன்னாங்க.”

சௌம்யா ஒரு அட்டையை எடுத்துப் படித்தாள். ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் உருது. கீழே கொஞ்சம் இங்கிலீஷ். *நான் மாடுகளோடு வேலை செய்கிறேன். எனக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.*

“இது அக்கா எழுதினதா?”

“மேடம்தாம்மா. சனத்நகர்ல ஒரு பிரஸ்ல அடிச்சு, பால்காரங்க, சாணி அள்றவங்க எல்லாருக்கும் குடுத்தாங்க. ஜனங்க காய்ச்சல் அட்டைன்னு பேரு வெச்சுடுச்சு. டாக்டர்கிட்ட போனா பேர் சொல்றதுக்கு முன்னாடி வேலையைச் சொல்லணும் பாய், சொல்லிட்டா பயமில்ல, மறைச்சாத்தான் பயம்னு மேடம் எப்பவும் சொல்லும்.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மேடம் கார்டு ஹேண்ட்பேக் முன்னாடி ஜிப்புல இருக்குமே சார். ஆஸ்பத்திரில காட்டினீங்கதானே? காட்டியும் இப்படி ஆயிடுச்சேன்னுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.”

“ம்,” என்றேன்.

சௌம்யா என்னைப் பார்த்தாள். நான் எருமைக் கொட்டகைப் பக்கம் பார்த்தேன்.

அலமாரியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டெதாஸ்கோப். ஒரு சீப்பு. தோள்வரை போடுகிற பிளாஸ்டிக் கையுறை அரைப் பெட்டி. அதற்கு மேலே பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டி.

“புது பூட்டு,” என்றார் யூசுப். “மேடம் மூணு தடவை எழுதிக் கேட்டாங்க. போன தை மாசம் வந்து சேந்துச்சு. அஞ்சாம் நம்பர். இங்க யாருக்கும் ஆவாது.” சௌம்யாவின் காலைப் பார்த்தார். “உனக்கு என்ன சைசும்மா?”

“அஞ்சு.”

பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

* * *

காரில் மாமா பெட்டியைப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. படம் வெளியே அச்சடித்திருந்தது.

மெஹதிப்பட்டணம் தாண்டினோம்.

ஆஸ்பத்திரியில் அந்த அட்டையை நான் காட்டவில்லை.

இரண்டு நாள் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். மழையில் நனைந்ததுதான், நாளைக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணலாம் என்றாள். மூன்றாம் நாள் காலை எழுந்து நிற்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். என் கம்பெனி இன்சூரன்ஸ் செல்லுகிற இடம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

கவுண்டரில் ஒரு பெண் ஃபாரம் கொடுத்தாள். பெயர். வயது. விலாசம். தொழில் என்று ஒரு கட்டம். இன்சூரன்ஸ் கார்டில் மங்கை ஹவுஸ்வைஃப். “கார்டுல இருக்கற மாதிரியே எழுதிடுங்க சார், மாறினா கேள்வி வரும்,” என்றாள். எழுதினேன். மங்கையின் கைப்பை என் மடியில் இருந்தது.

அந்தப் பெண்மேல் பழியைப் போடலாம். பல நாள் போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. கார்டில் அப்படி இருந்ததற்குக் காரணம் நான்.

கல்யாணமான இரண்டாம் மாதம் ஆபீசில் மனைவி விவரம் கேட்டார்கள். மங்கை அப்போதே வேலையில் இருந்தாள். அதற்கு முந்தைய வாரம் சாப்பிடும்போது ஆபீஸ் நண்பன் தினேஷ் கேட்டான். “உன் ஒய்ஃப் டாக்டராமே, எந்த ஆஸ்பத்திரி?” போவன்பள்ளி என்றேன். “அங்க மாட்டாஸ்பத்திரிதானேடா இருக்கு?” மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க என்னைப் பார்த்தால் ‘அம்மா’ என்று மாடு மாதிரி கத்தினார்கள். நல்ல பையன்கள்தான். அவள் இறந்தபோது எல்லோரும் வந்தார்கள். ஆனால் அந்தக் கேலிக்கு அடுத்த வாரம்தான் ஹவுஸ்வைஃப் என்று டைப் அடித்தேன். மங்கையிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் மலேரியா பார்த்தார்கள். டைஃபாய்டு பார்த்தார்கள். வெளியில் எங்காவது சாப்பிட்டாளா, ஊருக்குப் போனாளா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஆறாம் நாள் கண் மஞ்சளாகி, மூத்திரம் நின்றுபோனது. ஒரு பெரிய டாக்டர் வந்து, “ஹவுஸ்வைஃபா? வீட்டுல நாய், மாடு ஏதாவது உண்டா?” என்றார். அப்போதுதான் சொன்னேன். அவர் பேனா நின்றது. “மொதல் நாளே ஏன் சொல்லல?” என்றார். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். மருந்தை மாற்றினார்கள். இரண்டு நாள் கழித்து மங்கை போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் கைப்பையைத் திறந்தேன். முன் ஜிப்பில் மஞ்சள் அட்டை இருந்தது.

மங்கைக்கு நல்ல பூட்டு கொடுக்காததற்கு நியாயம் கேட்டு மாமா கால்நடை இலாகாவுக்கு இதுவரை ஒன்பது மனு எழுதியிருக்கிறார். இங்கிலீஷில் டைப் செய்து கொடுத்தவன் நான்.

* * *

ராஜேந்திரநகரில் ஒரு பெரிய ஹால். வெளியே நாற்காலிகள், வேப்பமரம், பெற்றோர் கூட்டம். டோக்கன் கொடுத்தார்கள். சௌம்யாவுக்கு நாற்பத்தாறு. ஒரு வாட்ச்மேன் வாசலில் நின்று நம்பர் கூப்பிட்டார். பத்தொன்பது. இருபது.

அத்தை கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழ சாதத்தை மூன்று பேரும் மரத்தடியில் சாப்பிட்டோம். பூட்டுப் பெட்டியைச் சௌம்யா காரில் விடவில்லை. மடியில் வைத்திருந்தாள்.

“போட்டுப் பாரேன்,” என்றார் மாமா திடீரென்று.

“என்ன நைனா?”

“தண்ணி ஊத்திப் பாத்துட்டுப் போடு. புதுசுலயும் ஓட்டை இருக்கும். நம்ப முடியாது.” கார் ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்திருக்கிறார். “அந்த பாய் கரெக்டாதான் சொல்லிக் குடுக்கறான். நாங்களும் அப்படித்தான் பண்ணுவோம், அழுத்தம் குடுத்து லீக்கு பாக்கறது.”

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். சட்டையில் துடைத்தார். என் எதிரே உட்கார்ந்தார்.

“சொல்லுங்க மாப்ளே. நான் சொன்னா நான் கட்டி வுடறேன்னு நெனைக்குது. உங்க வாயால சொல்லுங்க. இதை அவ சொல்லலேன்னா, நானே கையெழுத்துப் போட்டுத் தரேன், போயி மாடு மேய்க்கட்டும். சொன்னான்னா, இப்பவே வீட்டுக்குப் போவோம்.”

நாற்பத்தைந்து, என்றார் வாட்ச்மேன்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சௌம்யா அழுவாள். அப்புறம் ஃபார்மா படிப்பாள். நன்றாகவும் படிப்பாள். மாமா என்னை மாப்ளே என்று கூப்பிடுவார். அத்தை தீபாவளிக்கு வேட்டி எடுத்து வைப்பாள். மங்கை செய்த வேலைதான் மங்கையைக் கொன்றது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்போம். எனக்கு அதைவிட வசதி கிடையாது.

“மங்கை அப்படிச் சொல்லலை மாமா.”

அவர் கண்ணை இடுக்கினார். “நீங்கதானே...”

“நான் சொன்னது பொய்.”

அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினேன். உறை இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி மஞ்சள் அட்டையை எடுத்தேன். ஓரத்தில் மங்கையின் கையெழுத்தில் அவள் பெயர். சௌம்யாவிடம் கொடுத்தேன்.

“இது அக்கா கார்டு,” என்றாள். “காட்டினேன்னு பாய்கிட்ட சொன்னீங்க?”

“காட்டலை.”

சொன்னேன். ஃபாரம், கட்டம், ஹவுஸ்வைஃப். பெரிய டாக்டர் கேட்டது. எதையும் விடவில்லை. எனக்கே ஆச்சரியம், மொத்தம் இரண்டு நிமிஷம்தான் ஆனது.

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. “கட்டமா? இன்னா கட்டம்? தொழில் இன்னான்னு கேட்டா தொழிலை எழுதறது. அதுல இன்னா கஷ்டம்?”

“வெக்கமா இருந்தது மாமா.”

“எதுக்கு?”

சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. முகம் மெதுவாக மாறியது. ஒர்க்‌ஷாப்பில் யாரோ தப்பான நட்டைத் திருகியதைக் கண்டுபிடித்தவர் மாதிரி என் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து நாலு அடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு வேப்பமரத்தைப் பிடித்து நின்றார். தோள் ஆடியது.

“ஒம்பது மனு,” என்றார் மரத்தைப் பார்த்து. “ஒம்பது மனுவையும் நீங்கதான டைப் அடிச்சீங்க.”

“ஆமாம் மாமா.”

“இனிமே மாமான்னு...” முடிக்கவில்லை.

நாற்பத்தாறு, என்றார் வாட்ச்மேன்.

சௌம்யா எழவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெலுங்குப் பக்கம். உருதுப் பக்கம். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

“அப்ப அக்கா பேசவே இல்லையா பாவா? அட்மிட் ஆனதுலேர்ந்து?”

“ஒரே ஒரு தடவை. மறுநாள் மத்தியானம்.”

“என்ன சொன்னா? இந்த தடவை நிஜமா சொல்லுங்க.”

மாமா திரும்பவில்லை. ஆனால் தோள் ஆடுவது நின்றது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நர்ஸ் அப்போதுதான் டெம்பரேச்சர் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். மங்கை கண்ணைத் திறந்தாள். வெள்ளை விழி சிவந்திருந்தது. உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தேன். கட்டில் தலைமாட்டில் அந்த ஃபாரம் கிளிப் போட்டுத் தொங்கியது. அவள் படுத்த இடத்திலிருந்து அதைப் படிக்க முடியாது.

“‘என் வேலை என்னன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா’ன்னு கேட்டா.”

“நீங்க?”

“சொல்லிட்டேன்னேன். சாயங்காலம் டாக்டர் வரும்போது சொல்லிடலாம்னு நெனச்சேன். வந்தார். கையில அந்த ஃபாரத்தை வெச்சிருந்தார். நான் எழுதினதை நானே பொய்னு சொல்லணும். காய்ச்சல்தானே, எறங்கிடும்னு விட்டுட்டேன்.”

நாற்பத்தாறு, பி. சௌம்யா, என்று வாட்ச்மேன் இரண்டாவது தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டால் அடுத்த நம்பருக்குப் போய்விடுவார்கள். சௌம்யாவின் ஒரு கை ஃபைல் மேல் இருந்தது. இன்னொரு கையில் அட்டை. பூட்டுப் பெட்டி தரையில் நின்றது.

“சொல்லிட்டேன்னு நீங்க சொன்னதுக்கு அக்கா என்ன சொன்னா?”

அன்றைக்கு மங்கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவள் கடைசியாகச் சொன்னதை அப்படியே சௌம்யாவிடம் சொன்னேன்.

“சொல்லிட்டீங்கல்ல? அப்ப பயமில்ல.”